செவ்வாய்க்கிழமைக்கு ஆள் தேவை

"ஏதாவது செய்யணும்போல இருக்குங்க. ஞாயித்துக்கிழமை ஃப்ரீதான். நல்ல எடமா ஒண்ணு சொல்லுங்களேன்."

சென்னையில் தொண்டு நிறுவனங்களோடு கொஞ்சம் பழக்கம் வைத்திருக்கும் எவருக்கும் இந்த விசாரிப்பு வந்துகொண்டே இருக்கும். ஜனவரி முதல் வாரத்தில் கூடுதலாக வரும். அப்பாவின் வருஷத் திதி நெருங்கும்போது வரும். பெண் மேற்படிப்புக்கு வெளிநாடு போய் வீடு வெறிச்சோடிய மாதத்தில் வரும். கேட்பவர்கள் மனதில் கள்ளம் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கிழமை உட்கார்ந்திருக்கிறது. அது கேட்பவருக்குத் தோதான கிழமை. தேவைக்கும் தனியாக ஒரு கிழமை உண்டு என்பது யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்க ஆளில்லை.

முதலில் எல்லோருக்கும் ஞாபகம் வருவது குழந்தைகள் இல்லம். பிறந்தநாள், மணநாள், நினைவுநாள் எதுவானாலும் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு வருவது இங்கே ஊறிப்போன வழக்கம். எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தின் அலுவலக அறையில் அதற்கென்றே தடித்த டைரி ஒன்று உண்டு. புரட்டினால் ஞாயிறுகள் எல்லாம் கிறுக்கித் தள்ளியிருக்கும். மதியம் ஒருவர் பிரியாணி, நாலு மணிக்கு இன்னொருவர் கேக், ராத்திரிக்கு மூன்றாமவர் பரோட்டா. புதன், வியாழன் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று கிடக்கும். "சண்டே வேணாம் சார், புதன்கிழமையா குடுங்க. காய்கறி, எண்ணெய்னு வாங்கிப் போட்டா ரெண்டு நாளைக்கு ஓடும்" என்று வார்டன் அம்மாள் கெஞ்சாத குறையாகச் சொல்வார். "புதன்கிழமை எங்களால வர முடியாதேம்மா" என்பார் வந்தவர். பணத்தையோ சாமானையோ அனுப்பினால் அவருக்குத் திருப்தி வராது. தானும் போக வேண்டும், தன் கையால் பரிமாற வேண்டும், பிள்ளைகள் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் வரிசையாக நின்று அன்றைய உபயதாரரைப் பேர் சொல்லி வாழ்த்திப் பாடுவார்கள். தான் பிறந்த தேதி இன்னதென்று தெரியாத பிள்ளையும் அந்த வரிசையில் நின்று பாடும்.

பிறகு போட்டோ. இல்லத்துக் குழந்தைகளின் அடையாளத்தை எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் ஊடகத்தில் சேராது என்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிற, ஆதார் நகல் கேட்கிற, போலீஸ் சரிபார்ப்பு முடியட்டும் என்று ஒரு மாதம் காக்க வைக்கிற இல்லம்தான் நம்பத் தகுந்தது என்பது என் கணக்கு. போன அன்றைக்கே உள்ளே அழைத்துக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கி மடியில் கொடுக்கிற இடத்திலிருந்து மரியாதையாகக் கிளம்பிவிடலாம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்து போட்ட வாசலில் யார் வேண்டுமானாலும்தான் வருவார்கள்.

பாடம் சொல்லித் தருகிறேன் என்று வருபவர்கள் கதை வேறு. மூன்று சனிக்கிழமை வருவார்கள். கதை சொல்வார்கள், பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வார்கள். நாலாவது வாரம் உறவினர் கல்யாணம், ஐந்தாவது வாரம் காய்ச்சல், அதற்கப்புறம் பதிலே இருக்காது. ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு இது இன்னொரு முறை. இதனால்தான் ஒழுங்காக நடத்துகிற அமைப்புகள் ஒரு கல்வியாண்டு முழுக்க வருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுகின்றன. கேட்டதும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான்.

இனி என் கைக்கு நெருக்கமான விஷயம். "செவ்வாய் காலை 10 மணி, சேப்பாக்கம், எம்.ஏ. தமிழ், எழுத ஆள் தேவை." பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வெழுத ஆள் சேர்க்கிற வாட்ஸ்அப் குழுக்களில் நவம்பரிலும் ஏப்ரலிலும் இப்படியே செய்தி வந்து விழுந்துகொண்டிருக்கும். பள்ளிப் பொதுத்தேர்வு என்றால் 'சொல்வதை எழுதுபவர்' என்று ஓர் ஆசிரியரை அரசுத் தேர்வுத் துறையே போட்டுவிடும். கல்லூரிக்கு வந்த பிறகு பல இடங்களில் மாணவரே ஆள் தேடிக்கொள்ள வேண்டியதுதான். சென்னையில் அப்படித் தேடுபவர்கள் நிறைய. மாநிலக் கல்லூரியில் மட்டுமே தலைமுறை தலைமுறையாகப் பார்வையற்றவர்கள் படித்துவருகிறார்கள். தேர்வு நடப்பது வேலை நாளில், ஊரே ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பல்கலைக்கழகமும் செமஸ்டர் தேர்வு வைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2018இல் மத்திய அரசு இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும். ஆக, 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம் ஆகும். மாணவர் தானே அழைத்து வருகிற ஆள் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நெறி. ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் எவ்வளவு ஆசையோடு வந்தாலும் எம்.ஏ. தமிழுக்கு அவரை வைத்துக்கொள்ள முடியாது. பி.காம். முடித்துவிட்டு அதை எங்கேயும் எடுத்து நீட்டிப் பெருமைப்பட வாய்ப்பில்லாமல் இருந்த எனக்கு அங்கே ராஜமரியாதை.

தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இருவர். நான் எழுதிக் கொடுத்த பெண் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது: "அக்கா, கொஸ்டின் பேப்பர மொதல்ல முழுசா ஒரு தடவ படிச்சிடுங்க. எதுக்கு எத்தன மார்க்குங்கறதையும் சேத்து." படித்தேன். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. எந்தக் கேள்வியை எடுப்பது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு நேரம் என்று முழு வினாத்தாளையும் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் புரிந்தது. நமக்கு அது கண் முன்னால் தாளில் கிடக்கும். அவளுக்கு நினைவில் நின்றாக வேண்டும். அப்புறம் ஆரம்பித்தாள். "தலைப்பு போட்டு அடிக்கோடு போடுங்க. அடுத்த வரி உள்ள தள்ளி. முன்னுரை." காற்புள்ளியைக்கூடச் சொல்லித்தான் எழுத வைத்தாள். வேகம் என் கைக்கு மிஞ்சினால், பாதி வாக்கியத்தில் நிறுத்தி "எதுவரைக்கும் எழுதிட்டீங்க?" என்று கேட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நடுநடுவே "எத்தன பக்கம் வந்திருக்கு?" என்பாள். பத்து மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு எழுதியிருக்கிறோம் என்பது எழுதுகிற எவருக்கும் தானாகத் தெரிகிற விஷயம். அவள் அதை என் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு நூலின் ஆசிரியர் பெயரை மாற்றிச் சொன்னாள். எனக்குச் சரியான பெயர் தெரியும். எழுதும் கை ஒரு கணம் நின்றது. அவளுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். "என்னக்கா?" என்றாள். "ஒண்ணுமில்ல, சொல்லும்மா" என்று அவள் சொன்னபடியே தவறாக எழுதினேன். இந்த வேலையில் நல்லவராக இருப்பது என்றால் இதுதான்: தெரிந்ததை விழுங்கிக்கொண்டு காதில் விழுவதை மட்டும் எழுதுவது. உதவி செய்கிறோம் என்று திருத்தி எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தின் பேரில்தான் பார்வையற்ற மாணவர் எடுத்த மதிப்பெண்ணையே சிலர் பாதியாகத் தள்ளிப் பார்க்கிறார்கள். என் கையெழுத்து வேறு அவ்வளவு அழகில்லை. விடைத்தாள் திருத்துபவர் அதை அவள் கணக்கில்தான் வைப்பார்.

முடிந்ததும் நன்றி, நெகிழ்ச்சி எதுவும் இல்லை. அவளுக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. "வியாழக்கெழமைக்கு ஒருத்தங்க வரேன்னாங்க. இன்னும் கன்ஃபார்ம் பண்ணல" என்று போனில் திரையைப் படித்துக்காட்டும் செயலியை ஓடவிட்டுக் குழுவில் வந்த செய்திகளைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். தேர்வன்று காலை 9 மணிக்கு "சாரி, ஆபீஸ்ல அர்ஜென்ட்" என்று செய்தி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது தவறிப்போன ஒரு நற்காரியம். அந்த மாணவிக்கு ஓர் அரியர்.

நகரத்தில் செய்யக் கிடைக்கும் வேலைகளில் ஆள் தானாக வந்து குவிகிறது என்றால் ஆமை நடையைச் சொல்ல வேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், நள்ளிரவுக்குக் கிளம்பி விடியும்வரை மணலில் நடக்க வேண்டும். 1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் தொடங்கிய நடை இது. 1988 வாக்கில் மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். தலைமுறை மாறினாலும் இன்னும் மாணவர்களே நடத்துகிறார்கள். தடத்தைக் கண்டதும் எல்லோரையும் நிறுத்திவிட்டு, பழகினவர் ஒருவர் கழியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். மணல் கொஞ்சம் இளகும் இடத்தில் முழங்கைவரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைப்பார். ஒரு குழியில் நூற்றுக்கு மேல் இருக்கும். குழியின் ஆழமும் வடிவமும் மாறாமல் குஞ்சு பொரிப்பகத்தில் அதே மாதிரி தோண்டிப் புதைக்க வேண்டும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்பதால் அதிலும் கவனம் தேவை. ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும். டார்ச் அடிக்கக் கூடாது. கடல் என்று நினைத்து ஊர் வெளிச்சத்தை நோக்கி அவை நடந்துவிடும் என்பதால்தான் இத்தனை பாடும்.

பொதுமக்கள் நடைக்கு வருவது வார இறுதி இரவுகளில். அன்றைக்குக் கூட்டம் அம்மும். ஆமை வெள்ளி, சனி பார்த்துக் கரையேறுவதில்லை. திங்கட்கிழமை ராத்திரியும் யாரோ நடந்தாக வேண்டும். நடக்கிறார்கள், காலையில் கல்லூரி இருக்கிற நாலைந்து பேர். பல இரவுகளில் ஒரு முட்டையும் கிடைக்காது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவைமடி வலையில் மாட்டி, மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்தவை. நாறும் உடல்களை எண்ணிக் குறிப்பெடுத்ததும் ஆமை காக்க வந்தவர்கள்தான். அந்த வேலைக்கு யாரும் சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு வந்து நிற்பதில்லை.

காக்க வைக்கும் வாசல் என்று சொன்னேன். அதற்குச் சென்னையில் சரியான உதாரணம் 'சினேகா'. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. லண்டனில் 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் ஆரம்பித்த சமாரிட்டன்ஸ் வழியில் வந்தது. தொலைபேசியை எடுத்துக் கேட்பவர்கள் தன்னார்வலர்களே. நேர்காணல் உண்டு, பயிற்சி உண்டு, வருகிற எல்லோரையும் எடுத்துக்கொள்வதும் கிடையாது. அங்கே அடிப்படை விதி, புத்தி சொல்லக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் பேசட்டும் என்று தீர்ப்பில்லாமல் கேட்க வேண்டும். அரை மணி நேரம் புத்திமதி சொல்லாமல் இருப்பது தமிழர்களுக்குச் சுலபமா? அதிலும் பணி ஓய்வு பெற்ற தமிழர்களுக்கு? "நான் வாழ்க்கைல எவ்வளவோ பாத்திருக்கேன், நாலு பேருக்குச் சொல்லலாமேன்னு வந்தேன்" என்று கிளம்பி வருபவருக்கு அங்கே வேலை இல்லை. யாரிடம் பேசினோம், என்ன பேசினோம் என்பதை வீட்டில்கூட வாய் திறக்க முடியாது. போட்டோவுக்கு எதுவும் இல்லாத சேவை. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் ஓய்வே இருக்காது. அந்த நாட்களை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

பக்கத்து மாநிலத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் செய்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சிறிய மையம் தொடங்கியது. 1999க்குப் பிறகு மலப்புறம் பக்கம் அது ஊர் ஊராகத் தன்னார்வலர்களின் வலைப்பின்னலாகப் பரவியது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியைப் பக்கத்துத் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. சேர வருபவரிடம் அவர்கள் கேட்டது வாரத்துக்கு 2 மணி நேரம். அதற்கு முன் 16 மணி நேர வகுப்பு, பிறகு மருத்துவக் குழுவோடு நாலு முறை வீடு வீடாகப் போய்ப் பழக வேண்டும். அவர்கள் தியாகத்தைப் பற்றிப் பேசவில்லை. எத்தனை மணி என்று பேசினார்கள். 2008இல் இதற்கென ஒரு மாநிலக் கொள்கையையே கேரளம் வகுத்தது. வாரம் 2 மணி நேரம் என்பது ஏதோ கொஞ்சம்போலத் தோன்றும். ஆனால் நோயாளிக்கு எந்த நாள் புண் கட்டு மாற்ற வேண்டுமோ அந்த நாளின் 2 மணி நேரம் அது. பக்கத்துத் தெரு என்பதால்தான் அது நடக்கிறது. தாம்பரத்திலிருந்து மாதவரத்துக்குப் போய்ச் சேவை செய்கிறேன் என்பவர் முதல் மழையிலேயே நின்றுவிடுவார்.

காலண்டர் பொருந்தாத கூத்துகளில் எனக்கு மிகப் பிடித்தது ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள். 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றதிலிருந்து ஒரே நிற டி-சர்ட் போட்ட குழுக்கள் மரக்கன்று நட வேன் வேனாக வந்து இறங்குகின்றன. கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், தரை கொதிக்கும். கேரளத்தில் அன்றைக்குத் தென்மேற்குப் பருவமழை வந்திருக்கலாம். சென்னைக்கு மழை அக்டோபரில். அதுவரை அந்தக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? நட்டவர்களின் பெயர்ப்பலகை மட்டும் ஜூலையில் நிமிர்ந்து நிற்கும். ரத்தமும் அப்படியே. நடிகர் பிறந்தநாளுக்கும் கட்சித் தலைவர் பிறந்தநாளுக்கும் முகாம் போட்டு ஒரே நாளில் எடுத்துக் குவிப்பார்கள். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, தட்டணுக்களுக்கு 5 நாள்தான் ஆயுள். கல்லூரிகள் மூடிக் கிடக்கும் மே மாதத்தில் ரத்த வங்கிகள் ஆள் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் பிறந்தநாள் எந்த மாதமோ இருக்கட்டும், மே மாதம் போய்க் கொடுங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறையும் தரலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கென்றே பொருத்தமான வேலையும் இல்லாமல் இல்லை. உழவாரப் பணி அதில் ஒன்று. அப்பர் கையில் பிடித்திருக்கும் உழவாரத்தின் பெயரால் சிறு சிறு குழுக்கள் மாதம் ஒரு கோயில் என்று கிளம்புகின்றன. வாளி, துடைப்பம், புல் செதுக்கி எடுத்துக்கொண்டு போய் நின்றால் போதும். கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுப்பதும், பிரகாரத்தில் பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவதும் உடம்பு வலிக்கிற, கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஒரே எச்சரிக்கை: கல்வெட்டுள்ள சுவரைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க ஆரம்பிப்பவர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரைப் பிடித்து இழுத்துக் கிணற்றடிக்கு அனுப்ப வேண்டும்.

ஏரி சுத்தம் செய்வதும் ஞாயிற்றுக்கு ஒத்து வரும், பாதி அளவுக்கு. ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டு, பிளாஸ்டிக்கைப் பொறுக்கி மூட்டை கட்டலாம். சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்கள் பல வருடங்கள் இதைச் செய்தார்கள். செய்யச் செய்ய, கழிவுநீர் எங்கிருந்து வந்து விழுகிறது என்று தேட வேண்டி வந்தது. அந்தத் தேடலுக்கு ஞாயிறு உதவாது. அப்போதைய பேரூராட்சி, பொதுப்பணித் துறை, தாலுகா அலுவலகம் எல்லாம் திங்கட்கிழமைதான் திறந்தன. மனு எழுதி, பதிவெண் வாங்கி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டு, பதிலில்லை என்று மேல்முறையீடு போகிறவர் கையில் சேறு ஒட்டுவதில்லை. அவரைத் தன்னார்வலர் என்று யாரும் சொல்வதும் இல்லை.

2015 டிசம்பரை இந்த ஊர் மறக்காது. அடையாறு கரை புரண்ட அந்த வாரத்தில் மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். மசூதிகளும் கல்யாண மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுச் சமையலறையில் இட்லி வெந்துகொண்டே இருந்தது. அந்த வாரத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, எழுதத் தகுந்ததுதான். மூன்றாவது வாரத்தில் பழைய துணி மூட்டைகள் பிரிக்கப்படாமல் நடைபாதையில் நனைந்து கிடந்ததையும், அவற்றையும் சேர்த்து அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டதையும் கொஞ்சம் பேரே எழுதினார்கள். ஜனவரி, பிப்ரவரியில் வேண்டியிருந்த உதவி வேறு மாதிரியானது. ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டா எல்லாம் தண்ணீரில் போய்விட்டன. அரசு சிறப்பு முகாம்கள் போட்டது. படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தர, கூட நின்று எந்த மேஜை என்று காட்ட ஆள் வேண்டும். இட்லி வேகவைத்த ஊரில் அதற்கு ஆள் குறைச்சல். பள்ளியும் ஆபீசும் திறந்துவிட்டன அல்லவா.

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் நிறுவனப் பெயர் எதுவும் சொல்வதில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தை முதலில் பாருங்கள் என்கிறேன். அந்தத் தூரத்துக்குள் அநேகமாக ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கும். நூலகப் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். வாரத்தில் ஒரு மதியம் வந்து பீரோவைத் திறந்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி நோட்டில் எழுத ஒருவர் வந்தால் தலைமையாசிரியர் வேண்டாம் என்று சொல்வது அரிது. கிளை நூலகம் இருந்தால் வாசகர் வட்டம் என்ற ஒன்று காகிதத்திலாவது இருக்கும். அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால், வெளியூரிலிருந்து துணைக்கு ஆளில்லாமல் வந்து எந்தக் கட்டடத்தில் ஸ்கேன் என்று தெரியாமல் சீட்டோடு நிற்பவர்களைப் பார்க்கலாம். அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அங்கே இரண்டே கேள்வி கேட்கச் சொல்வேன். போன வருஷம் வந்த தன்னார்வலர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? எந்த நாளில், எந்த நேரத்தில் உங்களுக்கு ஆளே கிடைப்பதில்லை? இரண்டாவதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த இடம் உயிரோடு இயங்குகிற இடம். "எப்ப வேணா வாங்க, உங்க இஷ்டம்" என்று சொல்கிற இடத்தில் உங்களுக்கு வேலை இருக்காது. பராக்குப் பார்க்க ஒரு நாற்காலி இருக்கும்.

வேலை நாள் காலை 10 மணிக்கு யார்தான் வர முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வர வழி செய்து கொடுத்தால் வருகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லித் தர வேண்டிய பெண்களுக்குப் போக்குவரத்து இல்லை. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், ஆயிரக்கணக்கில். எழுத்தறிவு ஒருபுறம் இருக்க, அந்த சைக்கிள்தான் மாவட்டத்தையே மாற்றிப்போட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அதே வருடம் அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், மிகப் பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு செய்வதில் தன்னார்வம் என்ன இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். காரில் வந்திருந்தார். கைக்காசு போட்டுப் பஸ் ஏறி வந்து, டீக்கும் தன் காசையே செலவழித்து உழைப்பவர்களை மட்டும் தன்னார்வலர் என்று அழைப்பதானால், வசதி உள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறெதுவும் அந்தப் பட்டியலில் வராது. வேலை நாளில் நேரம் இருப்பது இல்லத்தரசிகளுக்கும், வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், ஷிஃப்ட் முறையில் உழைப்பவர்களுக்கும்தான். அவர்களுக்குப் பஸ் காசு கொடுப்பதில் எந்த அறமும் கெட்டுப்போகாது.

எங்கள் தேர்வெழுதும் குழுவில் மிகக் குறைவாக வாக்குத் தவறுபவர், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர். விடிகாலையில் வேலை முடிந்து, கம்பெனி வேனில் சைதாப்பேட்டைவரை வந்து இறங்கி, டீக்கடையில் முகம் கழுவிக்கொண்டு தேர்வறைக்கு வந்துவிடுவார். 2 மணிக்கு எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார். போன நவம்பரில் தேர்வறை வாசலில் அவரைப் பார்த்தபோது, இவ்வளவும் வாரநாளிலேயே செய்கிறீர்களே, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தூங்குவேன் மேடம்" என்றார்.